துப்பாக்கிக்குக் கடிவாளம்: கண்ணீர் காய்வதற்குள் வந்த சட்டங்கள்

('துயரத்தின் சூட்டில் சட்டம் இயற்றலாமா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்பு பேசிய நண்பர், 'பதறாத காரியம் சிதறாது' என்று அழகாகச் சொல்லி அமர்ந்தார். ஒரு துப்பாக்கிச் சூடு நடந்த சூட்டோடு சட்டம் போட்டால் அது ஆத்திரத்தில் போட்ட சட்டமாகத்தான் இருக்கும். குற்றம் செய்யாதவனைத்தான் அது வாட்டும் என்பது அவர் வாதம். ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதமல்ல. ஆனால் 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்றும் நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு பழமொழிகளில் எது இங்கே பொருந்தும்? வரலாற்றைக் கேட்போம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகள் இந்தப் பரீட்சையை எழுதியிருக்கின்றன. மூன்றும் நாடாளுமன்ற ஆட்சி நடக்கும் நாடுகள். நம் சட்டங்கள் பிறந்த அதே ஆங்கிலச் சட்ட மரபைச் சேர்ந்தவை. அதனால் அவற்றின் அனுபவம் நமக்குப் புரியும்.

தொடங்கும் முன் ஒன்று. இந்த உரையில் கொலையாளிகள் எவர் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு அந்த விளம்பரம் தேவையில்லை.

டன்பிளேன் பள்ளிக்கூடம்

1996ஆம் ஆண்டு மார்ச் 13, புதன்கிழமை. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சிறிய ஊர். அங்குள்ள தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் காலை வகுப்புக்குக் கூடியிருந்தார்கள். நான்கு கைத்துப்பாக்கிகளோடு ஒருவன் உள்ளே நுழைந்தான். சில நிமிடங்களில் 16 பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் இறந்து கிடந்தார்கள். பிறகு அவன் தன்னையும் சுட்டுக்கொண்டான். பின்னாளில் டென்னிஸ் உலகில் பெரும்புகழ் பெற்ற ஆண்டி மர்ரி, அன்று அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன்.

அந்த நான்கு துப்பாக்கிகளும் திருடியவை அல்ல, கடத்தியவை அல்ல. அத்தனைக்கும் அவனிடம் முறையான லைசென்ஸ் இருந்தது. 1991லேயே ஒரு போலீஸ் அதிகாரி, இவனிடம் துப்பாக்கி இருப்பது நல்லதல்ல, லைசென்ஸைத் திரும்பப் பெற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதம் செயலாகவில்லை. லைசென்ஸ் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டது. உத்தியோகப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒரு காகிதம் ஒரு மேசையில் கிடந்தது, அவ்வளவுதான்.

இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1987 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டு என்ற ஊரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். அவனிடம் ரைஃபிளும் இருந்தது, கைத்துப்பாக்கியும் இருந்தது. மறு ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டம் போட்டது. என்ன சட்டம்? ஒரு முறை சுட்டதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் 'செமி ஆட்டோமேட்டிக்' ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடை. கைத்துப்பாக்கியைத் தொடவில்லை. அப்படித் தொடாமல் விட்ட ஆயுதம்தான் 1996இல் டன்பிளேனுக்குப் போனது.

ஒரு பூவின் பெயரில் ஒரு மனு

டன்பிளேன் தாய்மார்கள் சிலரும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்து ஒரு மனுவைத் தொடங்கினார்கள். தனியார் எவரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது ஒரே கோரிக்கை. அந்த மார்ச் மாதக் குளிரில் அங்கே பூத்திருந்த பூ 'ஸ்னோடிராப்'. மனுவுக்கு அதையே பெயராக வைத்தார்கள். அரசியலில் பழக்கமே இல்லாதவர்கள். கடைத்தெருவில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்திப் போடும் கையெழுத்தல்ல. பேனா பிடித்துக் காகிதத்தில் போட்டது.

அரசாங்கம் கல்லன் பிரபு தலைமையில் விசாரணை நடத்தியது. 1996 அக்டோபரில் அறிக்கை வந்தது. அவர் முழுத் தடையைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். துப்பாக்கியைப் பயன்படுத்தாத நேரத்தில் அதைச் செயலிழக்கச் செய்து வைக்க வழி காண வேண்டும், அது முடியாவிட்டால் தடையை யோசிக்கலாம் என்ற அளவில்தான் நீதிபதி நின்றார். அப்போதைய பிரதமர் ஜான் மேஜரின் அரசாங்கம் அதைத் தாண்டிப் போனது. 1997இல் .22 அளவுக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் அனைத்துக்கும் தடை வந்தது. அதே ஆண்டு மே மாதம் ஆட்சிக்கு வந்த டோனி பிளேர், மிச்சமிருந்த .22 ரகத்தையும் இரண்டாவது சட்டத்தின் மூலம் தடை செய்தார். வட அயர்லாந்துக்கு மட்டும் இந்தத் தடை பொருந்தவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கைத்துப்பாக்கிகள் நஷ்டஈட்டுக்கு ஒப்படைக்கப்பட்டன.

எதிர்ப்பு இல்லாமலா? இருந்தது. ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் பள்ளிக்குள் புகுந்து மட்டையால் பலரை அடித்துக் கொன்றால் கிரிக்கெட் மட்டையைத் தடை செய்வீர்களா என்ற பொருளில் இளவரசர் ஃபிலிப் வானொலியில் பேசினார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நொந்துபோனார்கள். பிறகு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. இன்னொரு பக்கம், ஒரு தவறும் செய்யாத துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் தங்கள் விளையாட்டையே இழந்தார்கள். பிரிட்டிஷ் பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று. நண்பர் சொன்ன 'குற்றம் செய்யாதவனை வாட்டும்' என்ற குறை இங்கே உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நாட்டு மக்கள் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

பன்னிரண்டு நாளில் ஒரு முடிவு

டன்பிளேன் நடந்து 46 நாள்தான் ஆகியிருந்தது. 1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் போர்ட் ஆர்தர் என்ற இடம். பழைய காலக் கைதிகள் குடியிருப்பு, சுற்றுப்பயணிகள் கூடும் இடம். மதிய உணவு நேரத்தில் அங்குள்ள சிற்றுண்டிச் சாலையில் ஒருவன் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை எடுத்தான். அன்று இறந்தவர்கள் 35 பேர். அவனிடம் துப்பாக்கி லைசென்ஸே கிடையாது.

ஜான் ஹாவர்ட் பிரதமராகி இரண்டு மாதம்கூட நிறையவில்லை. அவர் வலதுசாரிக் கட்சித் தலைவர். துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள்தான் அவருடைய கூட்டணிக் கட்சிக்கு ஓட்டு வங்கி. போதாக்குறைக்கு, துப்பாக்கிச் சட்டம் அங்கே மத்திய அரசாங்கத்தின் கையில் இல்லை; மாநிலங்களின் அதிகாரம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. 'என் கையில் இல்லை' என்று அவர் சொல்லியிருந்தால் சட்டப்படி அது பொய்யாகாது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. மாநில அமைச்சர்களை அழைத்து உட்கார வைத்தார். ஒத்துவராவிட்டால் பொது வாக்கெடுப்புக்குப் போவேன் என்று எச்சரித்தார். மே 10ஆம் தேதி, அதாவது சம்பவம் நடந்து பன்னிரண்டாவது நாள், தேசியத் துப்பாக்கி உடன்பாடு ஏற்பட்டது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களுக்கும் குறிப்பிட்ட ரக ஷாட்கன்களுக்கும் கடுமையான கட்டுப்பாடு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவு. வாங்குவதற்கு 28 நாள் காத்திருப்பு. ஏன் வேண்டும் என்பதற்குத் தகுந்த காரணம். 'தற்காப்புக்காக' என்பது தகுந்த காரணமாகாது என்று எழுதி வைத்தார்கள். இந்த ஒரு வரிதான் ஆஸ்திரேலியாவையும் அமெரிக்காவையும் இரு வேறு பாதைகளில் நிறுத்தியது.

தடை செய்த துப்பாக்கியைப் பிடுங்கவில்லை. விலை கொடுத்து வாங்கினார்கள். அதற்குப் பணம்? மருத்துவ வரியை ஒரே ஓர் ஆண்டுக்கு 0.2 விழுக்காடு உயர்த்தினார்கள். துப்பாக்கியே தொடாத சம்பளக்காரரும் தம் பங்கைக் கட்டினார். ஆறு லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. அவை நசுக்கி அழிக்கப்பட்டன.

யார் விலை கொடுத்தார்கள்?

கைதட்டல் மட்டும் கிடைத்த கதையல்ல இது. அந்த ஆண்டு ஜூன் மாதம் விக்டோரியா மாநிலத்தில் சேல் என்ற ஊரில் துப்பாக்கி உரிமையாளர்களின் கூட்டத்தில் ஹாவர்ட் பேசினார். சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தது வெளியே தெரிந்தது. சொந்த நாட்டு மக்களை நம்பாதது போல் ஆகிவிட்டதே என்று பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். துணைப் பிரதமர் டிம் ஃபிஷர் கிராமப்புறக் கட்சியின் தலைவர். சொந்த ஆதரவாளர்களிடமே போய் இந்தச் சட்டத்தை விளக்க வேண்டிய நிலை அவருக்கு. குவீன்ஸ்லாந்தில் அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அந்த மாநிலத்தின் முதல்வர் ராப் போர்பிட்ஜ் சட்டத்தை ஆதரித்தார். 1998 மாநிலத் தேர்தலில் ஆட்சி பறிபோனது. கோபத்தில் இருந்த ஓட்டுகள் 'ஒன் நேஷன்' என்ற புதுக் கட்சிக்குப் போய், அது 11 இடங்களை வென்றது. ஆட்சி போனதற்குத் துப்பாக்கிச் சட்டமும் ஒரு காரணம்.

சட்டத்தால் பலன் உண்டா? 1979 முதல் 1996 வரை, ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இறந்த துப்பாக்கிச் சூடுகள் ஆஸ்திரேலியாவில் 13 நடந்தன. அதற்குப் பிறகு 2018 வரை அப்படி ஒன்றுகூட நடக்கவில்லை. துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வோர் எண்ணிக்கையும் நன்றாகக் குறைந்தது. அதேசமயம், துப்பாக்கி மரணங்கள் 1996க்கு முன்பே இறங்குமுகத்தில்தான் இருந்தன. முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுக்க முடியாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அந்தக் கருத்தையும் சேர்த்தே நாம் எடை போட வேண்டும்.

மேசைக்குள் கிடந்த அறிக்கைகள்

இப்போது நம் தலைப்புக்கு நேராக வருகிறேன். பன்னிரண்டு நாளில் வந்த சட்டம் அவசரச் சட்டம்தானே என்று நண்பர் கேட்பார். இங்கேதான் பலரும் ஒன்றைக் கவனிப்பதில்லை.

1987இல் மெல்பர்ன் நகரில் ஆகஸ்டில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு பெரிய துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. ஆண்டு முடிவில் மாநிலத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். ஒத்த கருத்து ஏற்படவில்லை. நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பேரி அன்ஸ்வொர்த் வெறுத்துப்போய், டாஸ்மேனியாவில் ஒரு படுகொலை நடந்தால்தான் இந்த நாட்டில் துப்பாக்கிச் சட்டம் திருந்தும் என்ற பொருளில் சொன்னார். சொல்லி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே டாஸ்மேனியாவில் அது நடந்தது. 1990இல் தேசிய வன்முறைக் குழு, நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி துப்பாக்கிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கையும் கிடந்தது.

ஆக, 1996இல் ஹாவர்ட் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஆற அமர யோசித்து எழுதி வைத்த யோசனைகளை எடுத்து நிறைவேற்றினார். யோசனை பழையது, துணிச்சல்தான் புதியது.

நியூசிலாந்தின் கதை இதற்கு மறுபுறம். 1990இல் அரமோவானா என்ற கடலோரச் சிற்றூரில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1992இல் சட்டம் ஓரளவு இறுக்கப்பட்டது. 1997இல் முன்னாள் நீதிபதி தாமஸ் தார்ப் தந்த அறிக்கை, எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்ய வேண்டும், ராணுவப் பாணி செமி ஆட்டோமேட்டிக் ரகங்களைத் தடை செய்ய வேண்டும் என்றது. அரசாங்கங்கள் மாறின, அறிக்கை அப்படியே இருந்தது.

22 ஆண்டுகள் கழிந்தன. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. கிரைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்திருந்த 51 பேர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் ஒரு மலேசிய இளைஞரும் இருந்தார். கொலையாளியிடம் சாதாரண லைசென்ஸ் இருந்தது. செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைக் கடையில் வாங்கியிருந்தான். பிரதமர் ஜசிந்தா ஆர்டன் நாள் கடத்தவில்லை. ஏப்ரல் 10ஆம் தேதி நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டன. பதிவேடு 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஒரு மாதத்துக்குள் சட்டம் என்று உலகமே பாராட்டியது. ஆனால் தார்ப் அறிக்கையில் இருந்து எண்ணினால் அது 22 ஆண்டு தாமதம். இந்த இரண்டு கணக்கில் எதை எடுத்துக்கொள்வது என்று நேயர்களே முடிவு செய்யுங்கள்.

ஆறிப்போன இடம்

அமெரிக்காவைப் பற்றி நீண்ட நேரம் பேசத் தேவையில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். நான்கு மாதம் கழித்து, 2013 ஏப்ரலில், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிப்பதை விரிவுபடுத்தும் ஒரு மிதமான யோசனை செனட் சபைக்கு வந்தது. ஆதரவு 54; தேவைப்பட்டது 60. முடிந்தது. அந்த நாட்டு அரசியல் சாசனமே துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது என்பதால் அங்கே தடை பெரியது. 2022 மே மாதம் டெக்சாசின் உவால்டி பள்ளியில் 19 பிள்ளைகள் பலியான பிறகே ஓரளவான சட்டம் ஒன்று அடுத்த மாதம் கையெழுத்தானது.

சட்டத்துக்கும் பராமரிப்பு உண்டு

சட்டம் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதையும் ஆஸ்திரேலியாவே காட்டியது. எல்லா மாநிலப் பதிவுகளும் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்பது 1996 உடன்பாட்டின் நோக்கங்களில் ஒன்று. அதற்கான தேசியப் பதிவேட்டுக்கு மாநிலங்கள் இறுதியாக ஒப்புக்கொண்டது 2023இல்தான். இடையில் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறி 40 லட்சத்தைத் தாண்டியது.

2025 டிசம்பர் 14. சிட்னியின் போண்டாய் கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாக் கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 15 பேர் இறந்தார்கள். சுட்டவர்கள் ஒரு தந்தையும் மகனும். தந்தையிடம் லைசென்ஸ் இருந்தது. அவர் பெயரில் ஆறு துப்பாக்கிகள் பதிவாகியிருந்தன. உலகத்துக்கே பாடம் சொன்ன நாட்டில் இது நடந்தது. சில நாள்களில் மத்திய அரசாங்கம் மீண்டும் துப்பாக்கிகளை விலைக்கு வாங்கும் திட்டத்தை அறிவித்தது. ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு விதித்து நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அந்த மாதத்திலேயே சட்டம் இயற்றியது. 1996 சட்டம் தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்லிவிட முடியாது. நடுவில் 29 ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக் கூரையைப் போலத்தான் சட்டமும். ஓட்டை விழுந்ததா என்று அவ்வப்போது ஏறிப் பார்க்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

'இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை, நமக்கென்ன?' என்று சிலர் கேட்கலாம். நம்மிடம் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், குற்றம் செய்யும்போது துப்பாக்கியைப் பயன்படுத்துவோரைக் கடுமையாகத் தண்டிக்கும் 1971ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. அண்டை நாடான சிங்கப்பூர் 1973இல் அதே வழியில் சென்றது. நம் நாட்டில் 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, தண்டனையை நீதிபதி முடிவு செய்யும் நிலை வந்தது. தெருவில் போகிறவரிடம் துப்பாக்கி இருக்குமோ என்ற பயம் இல்லாமல் நாம் வாழ்வதில் இந்தச் சட்டங்களுக்குப் பங்கு உண்டு.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2024 மார்ச் மாதக் கடைசியில் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் ஆறு துப்பாக்கிகளோடு ஒரு வெளிநாட்டவர் பிடிபட்டார். ஏப்ரலில் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் ஒருவர் தம் மனைவியைக் குறிவைத்துச் சுட, குண்டு அவருடைய மெய்க்காப்பாளர் மீது பாய்ந்தது. நம் சட்டம் லைசென்ஸ் வாசலை இறுக்கமாகப் பூட்டியிருக்கிறது. பின்வாசல் வழியாக வருவதைப் பிடிப்பதுதான் நம் வேலை. அங்கேயும் ஓர் அதிகாரியின் எச்சரிக்கைக் காகிதம் மேசையில் கிடந்துவிடக் கூடாது.

தலைவர் மணியடிக்கப் போகிறார்; முடித்துக்கொள்கிறேன். நண்பரின் பழமொழியை நான் தள்ளவில்லை. பதறாமல் யோசியுங்கள், ஆற அமர எழுதுங்கள், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரரையும் விவசாயியையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அதற்கான நேரம் அமைதியாக இருக்கும் நாள்கள். அந்த மூன்று நாடுகளிலும் எச்சரிக்கையோ அறிக்கையோ முன்பே எழுதப்பட்டிருந்தது. காகிதம் இல்லாமல் போனதால் யாரும் சாகவில்லை. எழுதியதை நிறைவேற்ற ஒரு பள்ளிக்கூடமோ பள்ளிவாசலோ ரத்தம் சிந்தட்டும் என்று காத்திருந்ததுதான் தவறு. கண்ணீர் காய்வதற்குள் சட்டம் வந்தது நல்லது. கண்ணீர் வருவதற்கு முன்பே அது வந்திருக்கலாம்.